கொம்பு இல்லாத வெள்ளம்

தேவை ஒன்று என்று எழுதிவிட்டு
பிளேன்டீ ஆறும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தெமட்டகொடைக் கால்வாய்ப் பாலத்தின் அடியில்
தொங்கப்போகும் பெட்டிக்கு
என்னதான் தேவை?

தீப்பெட்டியளவு பலகை.
அறுபத்துநாலு கிலோபைட் நினைவகம்.
சித்தப்பா அனுப்பும் காலை வணக்கப் படம்
ஒன்றுகூட அதற்குள் அடங்காது.
அதில் ஓர் இயங்குதளம் குடியிருக்க வேண்டும்,
வாழைத்தோட்டத்து ஓரறை வீட்டில்போல:
படுத்தவன் எழும்பிப் பாயைச் சுருட்டினால்தான்
அடுத்தவனுக்கு அடுப்பு மூட்ட இடம்.

போன ஒக்டோபரில் அங்கே
வேறொரு பெட்டி இருந்தது.
முத்திரை குத்தி, பசை பூசி,
உடைத்தால் உத்தரவாதம் இல்லை என்று
மூன்று மொழியில் எழுதி வந்தது.
இரவு பதினொன்றேகாலுக்கு
ஒன்று தசம் நாலு மீற்றர் என்றது.
பன்னிரண்டுக்கும் அதையே சொன்னது.
ஒரு மணிக்கும்.
பம்ப் அறையிலிருந்து பரீஸ்
மூங்கில் கழியும் டோர்ச்சுமாக இறங்கியபோது
தண்ணீர் அவர் நெஞ்சில் நின்றது.
பெட்டி யோசித்து முடிக்க இரண்டேகால் ஆயிற்று.
மூன்று தசம் ஒன்று.
கழி காட்டிய அதே கணக்கு, ஒரு மணிநேரம் பழையது.

தேவை நாலு:
பிந்தி வரும் சரி, பிழை.

அன்று அதன் சின்னத் திரையில்
எச்சரிக்கையும் வந்ததாம்.
யார் செய்த எழுத்துருவோ, அதில் கொம்பு இல்லை.
வெள்ளம் என்று காட்ட வேண்டியது
வள்ளம் என்று காட்டியது.
"பொய் சொல்லல்ல மிஸ்,
விடிய நேவிக்காரன் வள்ளத்தோடதான் வந்தான்"
என்று பரீஸ் சிரித்தார்.
அவர் வீட்டுச் சுவரில்
ஜன்னலுக்கு மேலே இன்னும் இருந்தது
தண்ணீர் போட்ட கோடு.

ஒரு கொம்பு.
எனக்கு அரைநாள் வேலை.
பசையைச் சுரண்டித் திறந்தோம். உள்ளே
வாசிக்க முடியாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.
கம்பனிக்கு எழுதினோம்.
அப்படி ஒரு முகவரி இல்லை என்று
கடிதமே திரும்பி வந்தது.

ஆகவே தேவை ஐந்தை
தடித்த எழுத்தில் போட்டேன்:
மூலநிரல் முழுதும் திறந்திருக்கும்.
நாங்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போனாலும்
எவளோ ஒருத்தி அதைத் திறந்து
கொம்பை வைக்கலாம்.

"திறந்து வைத்தால் கண்டவனும் புகுவானே"
என்றான் சுமேத.
மூடி வைத்ததில் தண்ணீர் புகுந்ததே என்றேன்.
வாய்க்கு நன்றாக இருந்தது, ஆனால் அது பதிலில்லை.
மத்தியானம் முழுக்கச் சண்டை பிடித்து
ஐந்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்:
வாசிப்பது யாரும். மாற்றி ஏற்றக் கையொப்பச் சாவி வேண்டும்.
சாவி இரண்டு. ஒன்று மாநகரசபையிடம்.
மாநகரசபை அதைத் தொலைக்கும் என்பதைத்
தேவையாக எப்படி எழுதுவது?

காவல்நாய் ஒன்றும் உண்டு, ஏழில்.
இரண்டு செக்கனுக்கு ஒருதரம்
நிரல் அதைத் தடவிக்கொடுக்க வேண்டும்.
மறந்தால் கடித்து எழுப்பும்.
பழைய பெட்டியிலும் நாய் இருந்திருக்கும்.
தடவுகிற கைமட்டும் விழித்திருந்து
மற்றதெல்லாம் தூங்கியிருக்கும்.

பதினொன்று எனக்குப் பிடித்தது:
புதுப் பதிப்பு பாதி ஏறும்போது
கரண்ட் போனால்
பழையதே எழும்பி வேலைக்குப் போக வேண்டும்.
மின்வெட்டுக் காலத்தில் படித்து வந்தவளுக்கு
இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

நேற்று வெளியே மழை.
மேசையில் பெட்டியை வைத்து
சுமேத கம்பியைப் பிடுங்கினான், செருகினான்.
நான் எண்ணினேன்.
நூறு தாண்டியதும் கொத்துரொட்டிக்குச் சொல்லியனுப்பினோம்.
நூற்றிமுப்பத்தேழாம் தரம்
பச்சை விளக்கு வரவில்லை.
பழையதும் இல்லை, புதியதும் இல்லை,
ஒரு பலகை மட்டும்.

ரொட்டி ஆறிப்போயிற்று.
பிழை ஒற்றை வரியில் இருந்தது,
என் கையெழுத்தில்.
விடியப்புறம் திருத்தி ஏற்றினேன்.
சுமேத கம்பியைப் பிடுங்கினான்.
ஒன்று, என்றேன்.